டவர் சிறைக்குக் கேட்ட இரவல் புத்தகம்

1629 ஜூலையில் லண்டன் டவர் சிறையிலிருந்து ஜான் செல்டன் என்ற வழக்கறிஞர் தன் நண்பர் ராபர்ட் காட்டனுக்குக் கடிதம் போட்டார். தனக்கு இங்கே நேரம் நிறையக் கிடக்கிறது, வெஸ்ட்மின்ஸ்டர் நூலகத்தில் பாபிலோனியத் தல்மூத் பல பெரிய தொகுதிகளாக இருக்கிறது, இரவல் வாங்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். யூத மதச் சட்டங்களின் பெருங்கடல் அது. கேட்டவரோ யூதரும் அல்ல, பாதிரியாரும் அல்ல. அரசரைப் பகைத்துக்கொண்டு உள்ளே போன நாடாளுமன்ற உறுப்பினர். பண்டைய யூதச் சட்டத்தைப் பற்றி அவர் பிற்பாடு எழுதிக் குவித்த நூல் வரிசைக்கு வித்து விழுந்தது அங்கேதான்.

செல்டன் 1584இல் சசெக்ஸ் பகுதியில் சால்விங்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா விவசாயி, பிடில் வாசிப்பதில் பேர் எடுத்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு லண்டனில் இன்னர் டெம்பிளில் சட்டம் பயின்று 1612இல் வழக்கறிஞரானார். நீதிமன்றத்தில் நின்று வாதாடியது குறைவு. அறையில் உட்கார்ந்து பத்திரங்களைப் படித்துக் கருத்துச் சொல்வதே அவருக்குத் தோதான வேலை. காட்டனின் வீட்டிலோ பழைய ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் மலையாகக் குவிந்து கிடந்தன. நண்பருக்காக அந்தக் கதவு எப்போதும் திறந்திருந்தது.

1617இல் சிரிய தெய்வங்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். பாகால், தாகோன், மோளேகு என்று பைபிள் திட்டித் தீர்க்கும் அந்நியத் தெய்வங்கள் யார், அவற்றை யார், எப்படிக் கும்பிட்டார்கள் என்ற ஆராய்ச்சி. பண்டிதர்கள் மெச்சினார்கள். பாகாலுக்கு அப்போது லண்டனில் கோயிலும் இல்லை, வருமானமும் இல்லை. ஆகவே யாருக்கும் கோபம் வரவில்லை.

அடுத்த ஆண்டே கை வைத்த இடம் வேறு. 1618இல் வந்த புத்தகம் தசமபாகத்தின் வரலாறு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுப்பது கடவுளே இட்ட கட்டளை என்று குருமார் சொல்லிவந்தார்கள். அது சரியா தப்பா என்ற வாதத்துக்குள் செல்டன் இறங்கவே இல்லை. எப்போதிலிருந்து, எந்த ஆவணப்படி என்று மட்டும் பார்த்தார். கிறித்தவத்தின் முதல் நானூறு ஆண்டுகளில் கட்டாயத் தசமபாகத்துக்குத் தடயம் இல்லை. பிற்காலத்தில் நாட்டுக்கு நாடு சட்டமும் வழக்கமும் சேர்ந்து உண்டாக்கிய உரிமை அது. வசூலிக்கலாம், ஆனால் நாட்டின் சட்டப்படி. வக்கீலின் பார்வையில் இது ஒரு சாதாரண பத்திரச் சரிபார்ப்பு. குருமாருக்கோ அடிமடியில் கை வைத்தது போலிருந்தது.

மன்னர் முதலாம் ஜேம்ஸ் கூப்பிட்டு விசாரித்தார். 1619 ஜனவரியில் செல்டன் வருத்தம் எழுதிக் கொடுத்தார். அதிலும் வக்கீல் புத்தி தெரிகிறது: புத்தகத்தை வெளியிட்டதற்குத்தான் வருத்தம், உள்ளே இருப்பது பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. மறுப்பு நூல்கள் வரும், பதில் எழுதக் கூடாது என்று உத்தரவாயிற்று.

வாயை அடைத்தால் அரசியலுக்கு வந்துவிடுவார் என்பதை அரண்மனை எண்ணிப் பார்க்கவில்லை. 1624இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். காரணம் காட்டாமல் ஆளைச் சிறையில் போட மன்னருக்கு அதிகாரம் உண்டா என்ற 1627ஆம் ஆண்டு வழக்கில் கைதிகள் தரப்பில் வாதாடினார். அத்தகைய சிறைவைப்பை எதிர்த்து மறு ஆண்டு நாடாளுமன்றம் உருவாக்கிய உரிமை மனுவிலும் அவர் கை இருந்தது. 1629 மார்ச் 2ஆம் தேதி, அவையை ஒத்திவைக்க எழுந்த சபாநாயகரை உறுப்பினர்கள் நாற்காலியிலேயே பிடித்து உட்காரவைத்து, மன்னருக்கு எதிரான தீர்மானங்களை வாசித்தார்கள். இரண்டு நாளில் செல்டன் டவர் சிறையில் இருந்தார்.

அப்படிக் கிடைத்த ஓய்வில்தான் தல்மூத்.

எளிதில் வசப்படும் நூல் அல்ல அது. எபிரேயமும் அரமேயமும் கலந்த மொழி. உயிர்க்குறி கிடையாது, நிறுத்தற்குறி கிடையாது. நம் பழைய பதிப்புகளில் மூலம், உரை, உரைக்கு விளக்கம் என்று அடுக்கியிருப்பார்களே, அதுபோல ஒரே பக்கத்தின் நடுவில் மூலம், ஒரு புறம் ஓர் உரை, மறுபுறம் இன்னோர் உரை. பாடம் கேட்கலாம் என்றால் ஆசான் இல்லை. 1290இல் துரத்தப்பட்ட யூதர்கள் இங்கிலாந்துக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது 1656இல்தான். ஒரு ரப்பியிடமும் உட்காராமல் இந்த மனிதர் எழுத்துக்கூட்டி உள்ளே போயிருக்கிறார்.

ஆனால் அவருக்கு ஒரு வசதி இருந்தது. தல்மூத்தின் பெரும்பகுதி வழக்காடல். இவர் இப்படிச் சொன்னார், அவர் மறுத்தார், பெரும்பான்மை முடிவு இது என்று போகும். தோற்ற கட்சியின் வாதத்தையும் தூக்கி எறியாமல் எழுதிவைத்திருக்கும். பழைய தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டியே வளர்ந்த ஆங்கில வக்கீலுக்கு இது தெரிந்த ஊர். குருமார் வேதத்தைத் தேடிப் போகும் இடத்தில் செல்டன் முன்தீர்ப்புகளைக் கண்டார்.

1631இல் யூதர்களின் வாரிசுரிமைச் சட்டம் பற்றிய நூல் வந்தது. சிறையிலிருந்து அவர் ஜாமீனில் வந்ததும் அதே ஆண்டுதான். 1640இல் எபிரேய மரபின்படி இயற்கைச் சட்டம், 1646இல் யூதத் திருமணமும் மணமுறிவும், 1650 முதல் யூத நீதிமன்றமான சனெட்ரின் பற்றிப் பல பாகங்கள். படிக்கச் சுகமானவை என்று சொல்ல முடியாது. லத்தீன் கரடுமுரடு; ஒரு கிளைக்கதை தொடங்கினால் இன்னொன்றில் போய் முடியும். ஆனாலும் கவிஞர் மில்டன் 1644இல் நாட்டின் கற்றோருள் தலையாயவராக இவரைத்தான் காட்டினார்.

இந்தப் படிப்பு அலமாரியில் தூங்கவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில், திருச்சபையைத் திருத்தியமைக்க 1643இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இறையியலாளர்கள் கூடினார்கள். நாடாளுமன்றத்தின் சார்பில் செல்டனும் போய் உட்கார்ந்தார். தவறு செய்தவனைச் சபையைவிட்டு விலக்கும் அதிகாரம் கடவுள் தங்களுக்குத் தந்தது என்றார்கள் குருமார். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார்கள். அங்கே வரும் ‘சபை’ அன்றைய யூத நீதிமன்றத்தைத்தான் குறிக்கும் என்று செல்டன் தல்மூத்தைத் துணைக்கு வைத்து வாதிட்டார். பொன் விளிம்பிட்ட உங்கள் சட்டைப்பை பைபிளில் அப்படி இருக்கலாம், கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் பொருள் வேறு என்று அடிக்கடி மடக்குவாராம்.

சட்டம், மத வரலாறு, எழுத்து, அரசியல் என்று நான்கு படகில் கால் வைத்தவர் என்று தோன்றும். படகு ஒன்றுதான். மன்னரிடமும் குருமாரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: உனக்கு இந்த அதிகாரம் எந்தத் தேதியில் வந்தது, பத்திரத்தைக் காட்டு. கடவுள் பேரால் பேசுகிறவருக்கும் தேதி கேட்டதுதான் அவர் செய்த குற்றம்.

1654 நவம்பரில் செல்டன் இறந்தார். அவருடைய ஏறத்தாழ 8,000 நூல்கள் 1659இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. பிரித்து அடுக்கியவர்களுக்கு அவற்றின் நடுவே மூக்குக்கண்ணாடிகள் அகப்பட்டனவாம். படித்துக்கொண்டே போய், அடையாளத்துக்கு முகத்திலிருந்ததைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து மூடியிருக்கிறார். பிறகு வேறு கண்ணாடி, வேறு புத்தகம்.