பள்ளி பெயர்ந்த பின்

கோயில் ஒன்றை மூடுவதற்குத் திருச்சபையிடம் முறை உண்டு. வழிபாட்டிற்கு இனிப் பயன்படுத்த இயலாத கோயிலை, இழிவற்ற பிற பயன்பாட்டிற்கு ஆயர் விட்டுக்கொடுக்கலாம் எனத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1222 ஆம் சட்டம் கூறுகிறது. பள்ளிக்கூடத்தை விட்டுச் செல்வதற்கு அத்தகைய முறை எதுவும் இல்லை. கடைசி மணி அடிக்கிறது, மேசைகளும் பலகைகளும் வண்டியேறுகின்றன, பதிவேடுகள் மூட்டையாகக் கட்டப்படுகின்றன, சாவி கைமாறுகிறது. அவ்வளவே. ஆனால் கோயிலில் வாரம் ஒரு மணி நேரம் அமரும் மனிதன், பள்ளியில் தன் பிள்ளைப் பருவம் முழுவதையும் கழிக்கிறான். அந்தச் சுவர்கள் கைமாறும்போது அவன் நெஞ்சில் எழும் கலக்கத்திற்கு மறுமொழி சொல்வார் யார்?

திருப்பூரில் வாழும் நமக்குக் கட்டடங்கள் தொழில் மாறுவது புதிதன்று. பஞ்சுக் கிடங்கு பனியன் கம்பெனியாகிறது. கம்பெனி வேறிடம் போனபின் அதே கூரை தொழிலாளர் விடுதியாகிறது. நிலத்தின் விலை ஏறிய ஊரில் எந்தச் சுவரும் நெடுங்காலம் ஒரே வேலையைச் செய்வதில்லை. பள்ளிகளும் இதற்கு விலக்காக நிற்க இயலாது. ஊர் விரியும்போது பள்ளி ஊருக்கு வெளியே இடம் தேடுகிறது; பழைய கட்டடம் ஊரின் நடுவே விலைமதிப்போடு நிற்கிறது. ஆகவே, பிறர் இக்கேள்வியை எவ்வாறு சந்தித்தனர் என அறிவது நமக்கு நலம் தரும்.

இதற்குச் சிங்கப்பூர் நல்லதொரு பாடம். தொலைவில் இருந்தாலும் அது நமக்கு அயலான வரலாறு அன்று. நம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைத் தொடக்கக் காலத்தில் வளர்த்த பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினரே அந்நகரின் முதல் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் வித்திட்டனர். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888 இல் எழுந்த லூர்து அன்னை ஆலயமும் அப்பள்ளிகளிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது.

சிங்கப்பூரின் விக்டோரியா தெருவில் 1840-41 இல் ஒரு வீடு கட்டப்பட்டது. கட்டியவர் ஜார்ஜ் கோல்மன். குடியிருந்தவர் நீதிமன்ற எழுத்தர் எச்.சி. கால்டுவெல். நம் இடையன்குடி கால்டுவெல் வேறு, இவர் வேறு. 1852 இல் அருட்தந்தை பெரெல் அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். 1854 இல் அன்னை மத்தில்து ராக்லோ தலைமையில் குழந்தை இயேசு சபையின் நான்கு அருட்சகோதரிகள் அங்கு வந்து சேர்ந்தனர். வந்த சில நாட்களிலேயே இரண்டு வகுப்புகள் தொடங்கின. ஒன்று கட்டணம் செலுத்த வல்லவர்களுக்கு. மற்றொன்று அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும்.

அம்மடத்தின் மதிலில் ஒரு சிறு வாயில் உண்டு. அதற்கு 'நம்பிக்கை வாயில்' என்று பெயர். வளர்க்க வழியற்ற பெற்றோர் தம் பச்சிளங்குழந்தைகளை அங்கே விட்டுச் சென்றனர். வறுமை ஒரு காரணம். பெண்ணாய்ப் பிறந்தது மற்றொரு காரணம். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்திற்கு ஆகாதவள் என்று சீனர் சிலரிடையே நிலவிய எண்ணம் வேறொரு காரணம். 1992 இல் சேலத்தில் தமிழ்நாட்டரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிந்த நமக்கு, அவ்வாயிலின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. விடப்பட்ட குழந்தைகள் அங்கேயே வளர்ந்தனர், பயின்றனர், தையலும் பின்னலும் கற்றனர். அருட்தந்தை நேன் வரைந்து தந்த அமைப்பின்படி 1904 இல் கட்டி முடிக்கப்பட்ட அழகிய சிற்றாலயத்தில் செபித்தனர்.

1983 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தப் பள்ளி தோ பாயோவிற்குப் பெயர்ந்தது. நகரை மறுசீரமைத்த அரசுக்கு நிலம் தேவைப்பட்டது. மக்களும் நகர நடுவை விட்டுப் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சென்றுகொண்டிருந்தனர். சிற்றாலயத்தின் அர்ச்சிப்பு அவ்வாண்டு நவம்பரில் முறைப்படி நீக்கப்பட்டது. 1990 இல் சிற்றாலயமும் கால்டுவெல் வீடும் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பின்னர் வளாகம் முழுவதும் பழுதுபார்க்கப்பட்டு, உணவகங்களும் கடைகளும் மதுக்கூடங்களும் கொண்ட இடமாக 1997 இல் திறக்கப்பட்டது. பள்ளிப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டே அதற்குச் 'சைம்ஸ்' எனப் பெயரிட்டனர்; மணியோசை என்பது அதன் பொருள். சிற்றாலயம் விழா மண்டபமாயிற்று. 2018 இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றின் ஆடம்பரத் திருமணக் காட்சி அங்கேதான் படமாக்கப்பட்டது.

வீடாகப் பிறந்து, மடமாகவும் பள்ளியாகவும் 129 ஆண்டுகள் வாழ்ந்து, இன்று விருந்தினரை வரவேற்கும் இடமாக அது நிற்கிறது. பழைய மாணவியர் பலருக்கு இம்மாற்றம் வேதனை தந்தது. தாம் முழந்தாளிட்ட இடத்தருகே மதுக் கோப்பைகள் ஒலிப்பதை எவ்வாறு ஏற்பது? இடிக்கப்படாமல் நிற்கிறதே, அதுவே பேறு என எண்ணியவரும் உண்டு. இரு சாராரையும் நாம் குறை கூற இயலாது. முன்னவர் இடத்தின் தூய்மையை நினைத்தனர். பின்னவர் இடத்தின் உயிரை நினைத்தனர்.

அருகிலுள்ள பிராஸ் பாசா சாலையில் நிகழ்ந்தது சற்று வேறு. தெ லசால் சகோதரர்கள் 1852 இல் தொடங்கிய புனித யோசேப்பு பள்ளி 1987 இல் வேறிடம் சென்றது. வளைந்த இரு சிறகுகள் கொண்ட அதன் கட்டடம் 1996 இல் கலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முகப்பின் உச்சியில் இரு சிறுவரோடு நிற்கும் தெ லசால் திருவுருவத்தை எவரும் அகற்றவில்லை. உள்ளே வருபவர் எச்சமயத்தவராயினும், 'இவர் யார்? இச்சிறுவர் யார்?' எனக் கேட்காமல் செல்ல இயலாது.

கேட்க வைப்பதே நினைவுச்சின்னத்தின் வேலை. இஸ்ரயேல் மக்கள் யோர்தானைக் கடந்தபோது, யோசுவா ஆற்றிலிருந்து பன்னிரு கற்களை எடுத்து நாட்டச் செய்ததை நாம் அறிவோம். பிற்காலத்துப் பிள்ளைகள் அக்கற்களைக் குறித்துத் தம் தந்தையரிடம் கேட்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். கேட்பதற்குப் பிள்ளையும், விடை சொல்வதற்குத் தந்தையும் இல்லாவிடில் அவை வெறும் ஆற்றுக்கற்களே.

ஆனால் விடை சொல்பவர் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். பழைய மாணவர் சங்கங்களில் நாம் கேட்பவை பெரும்பாலும் இனிய நினைவுகள்: மதிய உணவு மணி, மாமரம், கண்டிப்பான தலைமையாசிரியர். அவை பொய்யல்ல. ஆயினும் விக்டோரியா தெரு வளாகத்திலேயே கட்டணம் செலுத்தியவரும் அநாதையரும் ஒரே மதிலுக்குள் இருவேறு வகுப்புகளில் தொடங்கியதை எண்ணிப் பாருங்கள். இருவரின் நினைவும் ஒன்றாகவா இருக்கும்?

இதைவிடக் கடுமையான பாடம் ஸ்காட்லாந்தில் உள்ளது. நெஸ் ஏரிக்கரையில் போர்ட் அகஸ்டஸ் என்னும் ஊரில், பழைய படைக்கோட்டையை 1876 இல் பெற்ற பெனடிக்டு சபைத் துறவியர் அங்கு மடமும் உறைவிடப் பள்ளியும் நடத்தினர். பள்ளி 1993 இலும், மடம் 1998 இலும் மூடப்பட்டன. பின்னர் அக்கட்டடங்கள் ஏரியை நோக்கிய அடுக்ககக் குடியிருப்புகளாக மாற்றப்பட்டன. வகுப்பறைகளில் சமையலறைகள் வந்தன. வரலாறு முடிந்துவிட்டதாகத் தோன்றியது. 2013 இல் அங்குப் பயின்ற பழைய மாணவர்கள் பிபிசி தொலைக்காட்சியில், துறவியர் சிலரிடம் தாம் அடைந்த கொடுமைகளை வெளிப்படையாகக் கூறினர். அங்கே சிறுவர்கள் கொடுமைக்குள்ளானதை, ஸ்காட்லாந்துச் சிறார் வன்கொடுமை விசாரணை ஆணையம் 2021 இல் தன் அறிக்கையில் உறுதிசெய்தது. கட்டடத்தை விற்கலாம், உள்ளிருந்து அழுத குழந்தையின் நினைவை விற்க இயலாது. பழைய மாணவர் என்போர் பாராட்டு விழாவிற்கு மட்டும் அழைக்கப்படுபவர் அல்லர். அவர்கள் சாட்சிகள். அவர்தம் சாட்சியம் நமக்குக் கசப்பாய் இருப்பினும், அதைக் கேட்பது நம் கடமை.

மேலை நாடுகளில் இத்தகைய மாற்றம் பெருகிவருகிறது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 1960 களின் நடுவில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர் பயின்றனர். இன்று 20 இலட்சத்திற்கும் குறைவு. கற்பிக்கும் அருட்சகோதரிகள் குறைந்தனர். குடியேறிய ஏழைகள் வாழ்ந்த நகரப் பகுதிகளிலிருந்து அவர்தம் பிள்ளைகள் வசதியான புறநகர்களுக்குச் சென்றனர். மூடிய பள்ளிகள் பல இன்று குடியிருப்புகள். நம் நாட்டில் காரணம் வேறாக இருக்கும். இங்கே மாணவர் குறைந்து பள்ளி மூடப்படுவதைவிட, மாணவர் பெருகிப் பள்ளி இடம்பெயர்வதே மிகுதி. இரண்டிலும் பழைய கட்டடம் எழுப்பும் கேள்வி ஒன்றே.

அந்நாள் நமக்கு வருமுன் செய்யத்தக்கவை சில உண்டு. மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையானுக்குக் கொடாது காக்கவேண்டும். தந்தையின் தொழில் 'கூலி' என்றும், கைரேகையே கையொப்பம் என்றும் பதிந்துள்ள அப்பக்கங்களே பள்ளியின் உண்மையான அடிக்கல். முதியோராகிவிட்ட பழைய மாணவரின் சொற்களை, இனிப்பும் கசப்புமாக, இன்றே எழுதி வாங்கவேண்டும். நிலத்தை எவர், எந்நோக்கத்திற்காகத் தந்தார் என்பதை விற்பனைப் பேச்சிற்கு முன்னரே படித்துப் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்றை நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். பள்ளி பெயர்ந்தபோது நம்பிக்கை வாயிலும் உடன் பெயர்ந்ததா? புதிய வளாகத்தில் விளையாட்டுத் திடலும் ஆய்வகமும் பேருந்தும் இருக்கலாம். தொடக்கத்தில் எவருக்காகக் கதவு திறந்ததோ, அவர் இன்று உள்ளே வர இயலுமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் பனியன் கம்பெனிகளுக்கு வந்தோரின் பிள்ளைகள், தெரியாத மொழியின் நடுவே, வரிசை வீடுகளின் வாசலில் நாள் முழுதும் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். பழைய பள்ளிக் கட்டடத்திலிருந்து நாளை வரும் வாடகையில் ஒரு பங்கு அவர்களின் எழுத்துப் பலகைக்குச் செல்லுமாயின், அக்கட்டடம் எவர் குடியிருப்பாக மாறினும் அதன் பணி நின்றுபோகாது. செல்லாவிடின், புதிய பள்ளிக்கு நாம் எடுத்துச் சென்றது பெயர்ப்பலகையை மட்டுமே.