வீடே பள்ளியாக இருந்த காலம்

குழந்தை எங்கே கற்கிறது என்று கேட்டால், பள்ளியில் என்று நாம் உடனே விடை கூறிவிடுவோம். ஆனால், நம் நாட்டு வரலாற்றில் இவ்விடை எக்காலத்தும் பொருந்துவதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்னை நகரத்தில் பள்ளிக்குச் சென்று பயின்ற பிள்ளைகளைவிட வீட்டிலிருந்தே பயின்ற பிள்ளைகள் பன்மடங்கு மிகுதி என்று அரசாங்கக் கணக்கு ஒன்று கூறுகின்றது. அந்தக் கணக்கு எவ்வாறு எழுந்தது, அது நமக்கு எதனை உணர்த்துகின்றது என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

1822ஆம் ஆண்டில் சென்னை இராசதானியின் கவர்னராக இருந்தவர் ஸர் தாமஸ் மன்றோ. மக்களின் கல்வி நிலை யாது என்பதை அறியாமல் அதைப் பற்றிப் பேசுவது பயனற்றது என்பது அவர் கருத்து. ஆதலின், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எத்தனை பேர் படிக்கின்றனர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்கு ஆணை பிறப்பித்தார். வந்து சேர்ந்த விவரங்களை 1826ஆம் ஆண்டில் அவர் தொகுத்து ஆராய்ந்தார். இராசதானி முழுவதிலும் பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்ந்து 12,498. பயின்றோர் 1,88,650 பேர். இவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. மக்கள் தொகையோ ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சம். ஆக, ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி இருந்தது எனலாம்.

இக்கணக்கில் ஒரு குறை இருந்தது. பெரும்பாலான கலெக்டர்கள் பள்ளிகளை எண்ணினார்களேயன்றி வீடுகளை எண்ணவில்லை. சென்னை நகரத்துக் கலெக்டர் மட்டும் வீட்டில் கற்போரையும் எண்ணி அனுப்பினார். நகரத்துப் பள்ளிகளில் பயின்றோர் சுமார் 5,500 பேர்; வீட்டில் பயின்ற சிறுவரோ 26,446 பேர்; சிறுமியர் 517 பேர். அஃதாவது, பள்ளியைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு கல்வி வீட்டில் நடந்திருக்கின்றது! இவ்வெண்ணைக் கண்டு மன்றோவே ஐயுற்றார். எங்கோ பிழை இருக்கலாம் என்று எழுதினார். எனினும், உறவினரிடமோ, வீட்டுக்கு வரும் ஆசிரியரிடமோ பிள்ளைகள் கற்பது நாடெங்கும் உள்ள வழக்கமே என்பதை அவர் ஒப்புக்கொண்டார். பள்ளிப் பருவத்து ஆண் பிள்ளைகளுள் நாலில் ஒரு பங்கினரே பள்ளியில் இருப்பதாகக் கணக்கு காட்டியது. ஆயினும், வீட்டுக் கல்வியையும் கருதி, கற்போர் மூன்றில் ஒரு பங்கினை ஒட்டி இருக்கக்கூடும் என்று அவர் மதிப்பிட்டார்.

அக்காலத்தில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உயர்ந்த மதில் எதுவும் இல்லை. தெருவில் ஒருவர் வீட்டுத் திண்ணையே பள்ளியாகும். அண்டை அயலார் பிள்ளைகள் அங்கே கூடுவர். ஐந்து வயதில் தந்தையோ ஆசிரியரோ குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்தை எழுதச் செய்வார். அதன்பின் மணலில் எழுதிப் பழகி, பிறகே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் குழந்தை செல்லும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனப்பாடம். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு; காணி என்பது எண்பதில் ஒரு பங்கு; மா என்பது இருபதில் ஒரு பங்கு. இத்தகைய நுண்ணிய பின்னங்களையெல்லாம் எண்சுவடியைக் கொண்டு பிள்ளைகள் உரக்க ஓதி மனத்தில் பதித்தனர். நவராத்திரி நாட்களில் மாணவர் வீடுவீடாகச் சென்று பாடி, ஆசிரியருக்குக் காணிக்கை பெற்று வருவர். அந்த ஆசிரியரைத் தாங்கியது தெருவாரின் நெல்லும் சில அணாக்களுமே.

மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்தலும் திண்ணைப் பள்ளியின் இயல்பு. எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்தார். அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797ஆம் ஆண்டில் அதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது.

இவற்றைக் கேட்டு, பழமையெல்லாம் பொற்காலம் என்று மயங்கிவிடலாகாது. வீட்டில் பயின்ற ஏறத்தாழ 27,000 பேருள் சிறுமியர் 517 பேர் மட்டுமே என்றோம். நூற்றுக்கு இருவர் கூட இல்லை. தன் தம்பி திண்ணையில் ஓதுவதை உள்ளிருந்து கேட்டுக்கொண்டே வளர்ந்த பெண் குழந்தைகள் எத்தனை பேரோ! ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் அத்திண்ணையும் எட்டவில்லை. வீட்டுக் கல்வி, வீடு கற்றதாக இருந்தால் மட்டுமே கிட்டும். கல்லாத வீட்டுப் பிள்ளை என் செய்யும்? எல்லாருக்கும் பொதுவான பள்ளி வேண்டும் என்று பிற்காலத்துப் பெரியோர் போராடியதன் காரணம் இதுவே. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை உரிமையாக்கியதும் அப்போராட்டத்தின் பயனே.

ஆயினும், அன்றைய வீடுகள் செய்த பணியை மறத்தலும் நன்றன்று. மாணவர்களே, உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின், அவர்கள் முதலெழுத்தை எங்கே, யாரிடம், எதன்மீது எழுதிக் கற்றனர் என்று கேட்டு எழுதி வையுங்கள். கற்க இயலாமற் போயிருந்தால் அதற்குரிய காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கலெக்டர்களின் ஏடுகளில் இடம் பெறாத அந்த வரலாறு, அவர்களுடைய நினைவில்தான் எஞ்சியிருக்கின்றது.