ஒரு திரைப்படத் தலைப்பும் தொடரிலக்கணமும்

‘ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னஸ்’ (2013) என்னும் திரைப்படத்தின் தலைப்பில் ‘இன்டு’ என்பதன் முதலெழுத்து பேரெழுத்தா, சிற்றெழுத்தா என்பது குறித்து ஆங்கில விக்கிப்பீடியாவின் தொகுப்பாளரிடையே 2012-13இல் நீண்ட விவாதம் நிகழ்ந்தது. ஐந்தெழுத்திற்குக் குறைந்த முன்னிடைச்சொல் தலைப்பினிடையே சிற்றெழுத்தில் தொடங்கும் என்பது அக்கலைக்களஞ்சியத்தின் நடைவிதி. ‘இன்டு டார்க்னஸ்’ துணைத்தலைப்பாயின், அதன் முதற்சொல் பேரெழுத்தே பெறும். இரண்டையும் பிரிக்கும் முக்காற்புள்ளி இல்லாமையால் ஐயம் எழுந்தது. 40,000 சொற்களைக் கடந்த விவாதம், 2013 சனவரி இறுதியில் பேரெழுத்திற்குச் சார்பாக முடிவுற்றது.

தமிழெழுத்தில் இவ்வேறுபாடு இல்லை. எனினும், மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வினா எஞ்சியே நிற்கிறது. ‘இருளுக்குள் விண்மீன் பயணம்’ என்பது ஒரு தொடர். ‘விண்மீன் பயணம்: இருளுக்குள்’ என்பதோ தலைப்பும் துணைத்தலைப்பும். ஆங்கிலத்தில் ஓரெழுத்தின் வடிவு உணர்த்தும் தொடருறவைத் தமிழில் சொல்வரிசையே உணர்த்த வேண்டியுள்ளது.