தேர்த்தச்சர் தொழிலும் வாழ்வும்

திருக்கோயிற் குடமுழுக்கு நாளில் கல்லும் சுதையும் செம்பொற் கலசமும் அன்பர் கண்களில் முதலிற் படுகின்றன. மரம் அவ்வளவாகப் படுவதில்லை. ஆயினும் திருப்பணி தொடங்குங்கால் மூலத்திருமேனியின் ஆற்றல் அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்யப்பெற்றே பாலாலயம் அமைகின்றது. வேள்விச்சாலையில் நெய் சொரியும் சுருக்கும் சுருவமும் மரத்தாலாயவை. கொடிமரத்தின் செப்புத்தகட்டினுள் நிற்பதும் மரமே. கதவு, ஊர்தி, தேர் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றை ஆக்கிய தச்சர் எவ்வாறு தொழில் பெற்றனர், எதனைக் கொண்டு உயிர் வாழ்ந்தனர் என்பது தலவரலாறுகளில் பெரிதும் கூறப்படாத செய்தியாகும்.

பழந்தமிழ்ச் சான்றோர் இதனை மறந்திலர். புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பற்றிப் பாடிய பாட்டொன்றில் ஒரு தச்சன் வருகின்றான். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் கைத்திறம் உடையவன் அவன். அத்தகையவன் ஒரு திங்கள் முழுதும் கருதி முயன்று ஒரே ஒரு சக்கரம் செய்தால் அஃது எத்தகையதாகுமோ, அத்தகையவன் எம் தலைவன் என்கின்றார் புலவர். வேந்தனது வலிமையை அளக்கத் தச்சனது ஒரு திங்கள் உழைப்பே அளவுகோலாயிற்று. அதே அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயிலோனை நோக்கிக் கூறிய பாட்டிலும் தச்சர் குலத்துச் சிறுவர் வருகின்றனர். கைத்தொழில் வல்ல அச்சிறுவர் மழுவோடு காட்டிற் புகுந்தால் அவர்க்கு வேண்டும் மரம் அங்கு இல்லாமற் போகுமோ? அதுபோலவே கல்வி உடையார்க்கு எத்திசையிலும் உணவு உண்டு என்பது கருத்து. தொழில் தேடிச் செல்லும் இளைஞனுடைய நெஞ்சுரம் இவ்வளவு தெளிவாகப் பிற இடங்களிற் சொல்லப்பெறுவது அரிது.

அக்காலத்துக் கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும் ஆயவை. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிற் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவையின்றி அதனை அமைத்ததாகப் பெருமிதத்துடன் கூறுகின்றது. மரமின்றி அமைத்தல் பெருமையாயின், மரத்தால் அமைத்தலே அந்நாள் வழக்கு என்பது போதரும். கல் வந்தபின் தச்சர்க்கு வேலை குறைந்திருக்குமோ எனின், கல்லில் உளியிட்டவர்களும் தச்சர் கண்ட உருவங்களையே கண்டனர். உத்திரமும் போதிகையும் கொடுங்கையும் மரவேலையின் உறுப்புக்கள். மாமல்லபுரத்து ஒற்றைக்கற் கோயில்களை மக்கள் இன்றும் ‘இரதம்’ என்றே வழங்குகின்றனர்.

தச்சத்தொழிலில் ஒருவன் படிப்படியாக உயர்தற்குரிய நெறியை மயமதம் வகுத்துள்ளது. மரத்தையும் கல்லையும் வேண்டும் அளவுக்குச் செதுக்குபவன் தட்சகன். செதுக்கியவற்றைப் பொருத்துபவன் வர்த்தகி. நூலும் அளவுகோலும் பிடித்து அளப்பவன் சூத்திரகிராகி. இவன் தலைவனுடைய மகனாகவோ மாணாக்கனாகவோ இருப்பான். இவர்கட்கெல்லாம் மேலே நின்று திட்டம் வகுப்பவன் ஸ்தபதி. கொட்டாப்புளியும் உளியும் பிடித்த சிறுவன் நூல் பிடிக்கும் நாளை எதிர்நோக்கிப் பல்லாண்டு கழித்தான்.

வேலை கிடைத்தபின் அது நிலைபெறுவது காணியால் ஆயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் நியமித்த பணியாளர் பட்டியல் கல்லில் உள்ளது. தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கு ஆளுக்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டில் நூறு கலம் நெல். அப்பட்டியலிலேயே தச்சாசாரியம் செய்ய வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் குறிக்கப்பெறுகின்றான். அரசன் தன் பெயரையே பெருந்தச்சனுக்குப் பட்டமாக வழங்கினான். அவன் பெயரும் அரசன் பெயரோடு ஆயிரம் ஆண்டு கடந்து நிற்கின்றது.

இப்பெருமையை மட்டும் சொல்லி அமைதல் நேர்மையன்று. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்னும் பெயரால் வெட்டப்பெற்ற ஆணையொன்று உளது. வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு அரசன் அதில் சில உரிமைகள் அளிக்கின்றான். நன்மை தின்மைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லுங்கால் காலிற் செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசலாம். ஆணையால் அளிக்க வேண்டியிருந்தது எனின், அதுகாறும் இவை மறுக்கப்பட்டிருந்தன என்பது சொல்லாமலே விளங்கும். இறைவன் மாளிகைக்கு வாயிற்கதவு செய்தவன் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணைக்குக் காத்திருந்தான்! திருப்பணி வரலாறு எழுதுவோர் தஞ்சைக் கல்வெட்டை எடுத்துக்காட்டும் பொழுதெல்லாம் கருவூர்க் கல்வெட்டையும் உடன் காட்டுதல் தகும்.

கோயிற்காணி இல்லாத தச்சர் ஊர்த்தச்சராய் வாழ்ந்தனர். ஏரும் பரம்பும் வண்டியும் செய்து கொடுப்பர். அறுவடைக் களத்தில் நெல் அளக்குங்கால் தம் பங்கைப் பெறுவர். செங்கற்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பார் எடுத்த ஊர்க்கணக்குகளில் தச்சர்க்கும் கொல்லர்க்கும் உரிய இப்பங்குகள் பதிவாகியுள்ளன. நெல்லாற் பெற்ற ஊதியம் காசாக மாறியபோது களத்து உரிமை தளர்ந்தது. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் கைத்தொழிற்பள்ளி தொடங்கினார். 1856இல் இராயபுரத்திலிருந்து புகைவண்டி ஓடத் தொடங்கியது. அந்நாளைய வண்டிப்பெட்டிகள் பெரிதும் மரத்தாலாயவை. பட்டறைகளுக்குத் தச்சர் வேண்டப்பட்டனர். நாகப்பட்டினத்துப் பட்டறை 1928இல் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைக்கு மாறிற்று. மாதச் சம்பளம் கிடைக்கும் இடத்தை நாடித் தொழிலாளர் செல்வதைக் குறை கூறுவார்க்கு ஒன்று சொல்லலாம்: பத்தாண்டுக்கு ஒருமுறை பழுதுபார்க்கப்பெறும் தேரை நம்பி ஒரு குடும்பம் எவ்வாறு உண்ணும்?

இதற்குத் திருவாரூர் தக்க சான்று. அப்பரடிகள் பாடிய ஆழித்தேர் அஃது. அலங்கரித்த நிலையில் உயரம் 96 அடி. எடை ஏறத்தாழ 300 டன். பழைய தேர் 1920களில் தீக்கிரையாயிற்று. 1930இல் புதிய தேர் எழுந்தது. பூதப்பார், உறுதலங்கள், தேவாசனம், சிம்மாசனம் என அடுக்கடுக்காய் ஏறும் அவ்வமைப்பில் ஒவ்வோர் உறுப்பும் கழுந்தும் துளையுமாய்ப் பொருந்துவது. ஒரு கழுந்து தளர்ந்தால் மேலுள்ளவை அனைத்தும் அசையும். இலுப்பை, வேங்கை, தேக்கு எனத் தேருக்கு மரம் தேர்வதே தனிக்கல்வி. வெட்டிய மரம் நன்கு உலர்ந்தாலன்றி உளி வைத்தல் ஆகாது. 1948க்குப் பின் அத்தேர் ஓடாது நின்றது. 1970இல் வடபாதிமங்கலம் தியாகராச முதலியார் முயற்சியால் மீண்டும் ஓடிற்று. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டில் ஒரு தலைமுறைத் தச்சர் பெருந்தேரில் கை வையாமலே முதுமை எய்தினர். பின்னர்த் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனம் செய்த இரும்பு அச்சும் சக்கரங்களும் நீரழுத்தத் தடையும் பொருத்தப்பெற்றன. ஔவையார் வியந்த சக்கரம் தச்சன் கையை விட்டகன்றது. பாதுகாப்புக் கருதின் அதனைப் பிழையென்றல் இயலாது. மேலுள்ள மரப்பகுதி புதுப்பிக்கப்பெற்று 2015இல் தேர் மீண்டும் வலம் வந்தது.

இந்நாளில் இத்தொழில் கற்க விழையும் இளைஞர்க்கு வழி அடைபட்டிலது. மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்து, கல், சுதை, உலோகம் இவற்றோடு மரச்சிற்பத்தையும் கற்பிக்கின்றது. பெரம்பலூரை அடுத்த அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. தேரும் ஊர்தியும் வேண்டுவோர் அரும்பாவூர்ப் பட்டறைகளை நாடிச் செல்கின்றனர். பட்டறையில் இழைப்புளி பிடிக்கும் சிறுவன் கற்பது இன்னும் பழைய முறையிலேயே: முதலில் உளி தீட்டுதல், பிறகு இழைத்தல், அதன்பின் நூல் அடித்தல், சிம்மத்தின் முகமும் யாளியின் கண்ணும் இறுதியில். கண் திறக்கும் உளி மூத்தவர் கையில் இருக்கும். திருவாரூரில் இரும்புச் சக்கரங்களின் முன் வைத்துத் தேரைத் திருப்பும் முட்டுக்கட்டைகளோ இன்றும் மரத்தாலாயவையே. ஒவ்வோர் ஆண்டும் தேரோட்டத்துக்கு முன்னர் தச்சர் அவற்றைச் செதுக்குகின்றனர்.