ரொட்டோருவாவில் ஒரு நடை

நியூசிலாந்தில் ரொட்டோருவா என்றோர் ஊர். மகளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு நாள் அங்கே நடந்து சுற்றினேன். ஊருக்குள் நுழைந்ததுமே கந்தக நெடி, அழுகிய முட்டை மாதிரி. அரை மணியில் பழகிவிடும்.

நடு ஊரிலேயே குயிராவ் பூங்கா. மரவேலிக்குள் சேறு கொதிக்கிறது, பக்கத்தில் பிள்ளைகள் ஊஞ்சலாடுகிறார்கள். 2001 ஜனவரியில் இங்கே தரை வெடித்துச் சேறும் கல்லும் பறந்தனவாம். அங்கிருந்து ஏரிக்கரையில் மாவோரிகளின் ஓஹினெமுட்டு கிராமம். மண் சுடுவதால் தேவாலயத்துக் கல்லறைகளைத் தரைக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள்.

ஊரின் தெற்கே பொஹுட்டு வெந்நீர் ஊற்று. 30 மீட்டர் உயரம்கூடப் பாயும். கெய்சர் என்கிறார்கள், நம் குளியலறையில் மாட்டியிருக்கிறோமே, அதே சொல்தான், ஐஸ்லாந்திலிருந்து வந்தது. எங்கள் பிரெஞ்சு மாஸ்டர் 'ழெஸேர்' என்பார்.

இந்த ஊற்று நின்றுபோக இருந்தது. வீட்டுக்கு வீடு குழாய் இறக்கி, குளிக்கவும் குளிர் காயவும் பூமிக்கடியிலிருந்து வெந்நீரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் குழாய்கள் பெருகின. நிலத்தடி அழுத்தம் குறைந்தது. பக்கத்து ஊற்றான பாப்பகுரா 1979இல் அடங்கிவிட்டது. 1986இல் அரசு விழித்துக்கொண்டது: பொஹுட்டுவைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் உள்ள குழாய்களையெல்லாம் மூடு என்று உத்தரவு. நூற்றுக்கு மேல் மூடினார்கள். மற்றவர்களுக்குக் கட்டணம்.

ஊர் மக்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சொந்த மனைக்கடியில் வெந்நீரை வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் மின்கட்டணம் கட்டு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் ஊற்றை நம்பித் தலைமுறைகளாகப் பிழைக்கும் மாவோரிக் குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன. நானாக இருந்தாலும் அந்தக் கோப்பில் 'ஒப்புதல் அளிக்கலாம்' என்றுதான் குறிப்பு எழுதியிருப்பேன். எத்தனையோ ஆணைகளைப் பதிவேட்டில் ஏற்றி அனுப்பியவன் நான். போன இடத்தில் என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்தது அபூர்வம். இங்கே பார்க்க முடிந்தது. அழுத்தம் மெல்ல ஏறி, வற்றிய ஊற்றுகள் சில திரும்பின. பாப்பகுராவும் 36 ஆண்டு கழித்து, 2015இல் மறுபடி பாயத் தொடங்கியது.

பொஹுட்டு பாய்வதைப் பார்த்துவிட்டு, கிராமத்து வெந்நீர்க் குளத்தில் வேகவைத்த மக்காச்சோளம் ஒன்று வாங்கினேன். கந்தக வாசனை துளியும் இல்லை. உப்பு மட்டும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.