வினாடி வினாவில் நடுநிலை: ஓர் அமெரிக்க வரலாறு

1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில், வினாக்கள் முன்கூட்டியே வெளியே கசியாமல் இருப்பதே வினாடி வினாவின் நேர்மைக்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. 1955இல் தொடங்கிய ‘தி 64,000 டாலர் கொஸ்டின்’ நிகழ்ச்சியில், வங்கிப் பெட்டகத்தில் பூட்டிவைத்த வினாத்தாள்களைக் காவலர் துணையோடு வங்கி அதிகாரி மேடைக்குக் கொண்டுவரும் காட்சி இதற்காகவே அமைக்கப்பட்டது. ஆனால் 1956இல் ‘ட்வென்டி-ஒன்’ நிகழ்ச்சியில், சிறந்த திரைப்படத்திற்கான 1955ஆம் ஆண்டின் ஆஸ்கர் விருதை வென்ற படம் எது என்று கேட்கப்பட்டபோது, ‘மார்ட்டி’ என்னும் விடையை நன்கறிந்திருந்த போட்டியாளர் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல், தயாரிப்பாளரின் ஏற்பாட்டின்படி ‘ஆன் த வாட்டர்ஃபிரன்ட்’ என்று தவறாகக் கூறி, பின்னர் எதிர்ப்போட்டியாளர் சார்லஸ் வான் டோரனிடம் தோற்றார். அவ்விடையைத் தவறெனக் கொண்டதில் பிழையில்லை. போட்டியே மேடைக்கு வெளியே முடிவாகியிருந்தது என்பதுதான் மோசடி.

தமக்கு விடைகள் முன்பே தரப்பட்டதை வான் டோரன் 1959 நவம்பரில் நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் ஒப்புக்கொண்டார். மக்களை ஏமாற்றும் நோக்கில் போட்டியாளருக்கு மறைமுகமாக உதவுவதை 1960ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் குற்றமாக்கியது. எனினும், நேர்மையாகச் சொல்லப்பட்ட விடையை எவ்வாறு மதிப்பிடுவது என்பது நிகழ்ச்சிகளின் சொந்த விதிகளுக்கே விடப்பட்டது.

விடையை முதலில் தந்து அதற்குரிய வினாவைக் கேட்கும் ‘ஜெபர்டி’ 1964இல் தொடங்கியது. அதன் விதிகளில் இந்த மதிப்பீடு நுணுக்கமாக வளர்ந்தது. இறுதிச் சுற்றில் எழுதித் தரும் விடையில் எழுத்துப்பிழை இருந்தாலும் ஒலிப்பு மாறாவிட்டால் அது ஏற்கப்படுகிறது. வாய்மொழி விடையிலோ ஒலிப்பு மாற்றம் சொல்லையே மாற்றிவிடலாம். கூலியோவின் ‘கேங்ஸ்டாஸ் பாரடைஸ்’ பாடலையும் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தையும் இணைக்கவேண்டிய 2018ஆம் ஆண்டின் வினா ஒன்றுக்கு ‘கேங்ஸ்டர்ஸ்’ என்று ஒலித்த விடை முதலில் ஏற்கப்பட்டது. நடுவர்கள் அதை மறுபரிசீலனை செய்து, இரண்டும் வேறு சொற்களே என்று முடிவுசெய்து, போட்டியாளரின் கணக்கில் 3,200 டாலரைக் கழித்தனர்.

இத்தகைய கண்டிப்பு பலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் திருத்திய தீர்ப்பையும் அதன் காரணத்தையும் பார்வையாளர் முன்னிலையிலேயே அறிவிப்பதால், பெட்டகமும் காவலரும் தோற்றமாக மட்டுமே தந்த நம்பகத்தன்மை இங்கே சரிபார்க்கத்தக்க ஒன்றாகிறது.