மிக் மரபணு

மனித உயிரணுவின் எட்டாம் குரோமோசோமில், அதன் நீண்ட புயத்தில் அமைந்து, உயிரணுக்களின் விருத்தியையும் பிரிவையும் நடத்தும் படியெடுப்புக் காரணி ஒன்றை ஆக்குவது மிக் மரபணுவாகும். நெறி பிறழும்போது புற்றுநோய்க்கு ஹேதுவாவதால், இது புற்றுநோய் முன்மரபணுக்களுள் பிரதானமானதாக எண்ணப்படுகிறது.

கோழிகளுக்குப் புற்றை உண்டாக்கும் எம்.சி. 29 என்னும் வைரஸில் இதன் உருவம் முதலில் அறியப்பட்டது. அந்த மரபணு, கோழியின் சொந்த உயிரணுவிலிருந்தே வைரஸ் கவர்ந்துகொண்டது என்பதும், அதற்கு ஒப்பானது மனிதனிடத்தும் இயல்பாகவே உண்டென்பதும் பின்னர்த் தெளிவாயின.

439 அமினோ அமிலங்களாலான மிக் புரதம், மாக்ஸ் என்னும் துணைப்புரதத்தோடு இணைந்து, டி.என்.ஏ.வில் சி.ஏ.சி.ஜி.டி.ஜி. என்னும் ஆறெழுத்து வரிசையைப் பற்றி, அங்கே குரோமாட்டினைத் தளர்த்தும் என்சைம்களை வரவழைத்து, ரைபோசோம் ஆக்கத்துக்கும் சர்க்கரையின் உபயோகத்துக்கும் உயிரணுப் பிரிவுக்கும் உரிய மரபணுக்கள் பலவற்றின் படியெடுப்பை உயர்த்துகிறது. சுமார் அரைமணி நேரத்துக்குள் இப்புரதத்தில் பாதி சிதைந்துவிடுவதால், வளர்ச்சிக்கான சமிக்ஞை நின்றவுடன் அதன் ஆதிக்கமும் ஒடுங்குகிறது. அளவு மீறித் தூண்டப்பட்ட உயிரணு தானே மடியும்படி செய்யும் சுபாவமும் இதற்கு உண்டு.

இக்கட்டுப்பாடுகள் தளரும் விதம் நோய்க்கு நோய் வேறுபடுகிறது. 1958-இல் உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் விவரித்த நிணநீர்ப் புற்றில், எட்டாம் குரோமோசோமின் துண்டு பெரும்பாலும் பதினான்காம் குரோமோசோமுக்கு இடம்பெயர்ந்து, எதிர்ப்பொருளை ஆக்கும் மரபணுவின் அருகே மிக்கைக் கொண்டுபோய் நிறுத்த, அது ஓய்வின்றி இயங்கத் தொடங்குகிறது என்பதை 1982-இல் விஞ்ஞானிகள் நிரூபித்தனர். வாய்ப்புற்று உள்ளிட்ட வேறு பல புற்றுகளில் மரபணுவின் பிரதிகளே பெருகுகின்றன. ஆகவே மிக் இயற்கையில் பகையன்று; அதன் அளவும் காலமும் கெடுவதே விபரீதத்தின் மூலம்.

மேலே குறித்த வாய்ப்புற்றின் விஷயத்தில் திருவனந்தபுரத்துக்குத் தனிச்சம்பந்தம் உண்டு. 1981-இல் இந்நகரில் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம், 1996-இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைக் கண்ணால் நோக்கிச் சோதித்ததனால், புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்ததென்று 2005-இல் வெளியிட்டது. மிக் புரதத்தை நேரே அடக்கும் மருந்து சிகிச்சை வழக்குக்கு வராத இந்நாளில், புகையிலையை விலக்குவதும், வாயில் ஆறாத புண்ணோ வெண்தடிப்போ இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் உடனே வைத்தியரிடம் காட்டுவதும் ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.